அவசரத்துக்கு ஒரு நம்பர்

சுபாஷ் வீரனாவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு சோற்றுத் தட்டு.

அவன் மலை பஸ்ஸில் கண்டக்டர். சேந்தமங்கலத்தில் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி, வாழவந்தி நாட்டைத் தாண்டிக் கடைசி ஊர் வரை போகிற வண்டி. டூட்டி நாளில் ராத்திரி வண்டியோடு அங்கேயே தங்கல். மறுநாள் மதியம்தான், வழியில் மலைமேல் இருக்கும் தன் வீட்டு வாசலை மிதிப்பான். பதினாறு வருடமாக இதே பாடு. மலையில் யார் எங்கே இறங்குவார் என்பது அவனுக்கு அத்துப்படி. அவன் எங்கே இறங்குவான் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவனுக்கு ஓய்வு. வீட்டில்தான் இருந்தான். சாயங்காலம் மகள் அருணா சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாள். அம்மாவுக்கு ஒன்று, தம்பி யுவராஜுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முன்னால் வெறும் தரை. பிறகுதான் கவனித்தாள். பழக்கதோஷம் என்று சொல்லிச் சிரித்தாள். மனைவி ராஜேஸ்வரி சிரித்தாள். யுவராஜ் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான். சுபாஷும் சிரித்தான், மற்ற மூன்று பேரையும்விடச் சத்தமாகவே சிரித்தான். நாலாவது தட்டு வந்தது, சோறு வந்தது, குழம்பும் வந்தது. எதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

மறுநாளே அவன் பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள் நோட்டீஸ் ஒட்ட அனுமதி கேட்டார்கள். கொல்லிமலையில் மூன்றும் சேர்ந்த பந்தயம். படகு விடும் ஏரியில் நானூறு மீட்டர் நீச்சல், ஏறி வந்து இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். முடிக்கிற எல்லாருக்கும் பதக்கம். நோட்டீஸில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டுகிறான். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். சுபாஷ் பந்தயக்காரனைப் பார்க்கவில்லை. கைதட்டுகிறவர்களைத்தான் பார்த்தான்.

முடிவெடுத்துவிட்டான். யாருக்கும் மூச்சு விடக்கூடாது. மூன்று மாதம் ரகசியப் பயிற்சி. பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்ல வேண்டும்: நாளைக்கு ஏரிக்கு வாங்க, ஒரு வேலை இருக்குது. மூன்று பேரும் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் மூன்று தட்டு விழாது.

திட்டம் பிரமாதம். அதில் ஒரு சின்ன ஓட்டைதான். சுபாஷுக்கு நீந்தத் தெரியாது.

சேந்தமங்கலத்தில் வாழைக்காய் மொத்த வியாபாரம் பார்க்கும் அமீர் ஹம்சா பாய் அவனுக்கு நெருங்கிய சிநேகிதர். ஊருக்கு வெளியே அவர் தோட்டத்தில் பெரிய வட்டக் கிணறு, மழைக்காலம் முடிந்து நிரம்பி நின்றது. டூட்டி நாளில் மத்தியானம் வண்டி சேந்தமங்கலத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் கற்றுத் தருகிறேன் என்றார் பாய். முதல் வேலையாக அவர் மகள் காமிலா கம்ப்யூட்டரில் பேர் பதிந்து கொடுத்தாள். பேர், வயசு, ரத்த வகை என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்.

"நம்பர் சொல்லுங்கண்ணா."

சுபாஷ் பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னான்.

"அவசரம்னா யாரைக் கூப்பிடறது? அதுக்கு ஒரு நம்பர் வேணும்."

"அதுவும் அதே நம்பர்தான் சாமி. வேற எது இருக்குது?"

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பத்தொன்பது வருடமாக எங்கே நம்பர் கேட்டாலும் சுபாஷ் சொல்வது ஒரே நம்பர்தான். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வான். அவனுடைய சொந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம் கிடையாது. தனக்குத் தானே போன் பண்ணிக்கொள்கிற ஆளா அவன்? அவன் சொன்னது யாருடைய நம்பர் என்று காமிலாவுக்குத் தெரியாது. அவனுக்கே அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

பயிற்சி ஆரம்பமானது. முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிப் பாய் அவனைக் கிணற்றில் இறக்கினார். பத்து நாளில் கேன் போனது. ஒரு மாதத்தில் கிணற்றுச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தப் பழகிவிட்டான், எப்போதும் இடது பக்கமாக. படிக்கட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தபடி பாய் சுற்றுகளை எண்ணுவார். ஒருநாள் அவனைக் கேட்டார், வீட்டுக்குச் சொல்லிட்டியா தம்பி என்று. சொன்னால் சிரிப்பார்கள் பாய் என்றான் சுபாஷ். சிரிக்கட்டுமே, சிரிச்சுட்டு வருவாங்க இல்ல என்றார் அவர். சுபாஷ் இன்னொரு சுற்றுக்குப் போனான்.

வீட்டில் நிலவரம் அவனுக்கு ரொம்பச் சாதகமாக இருந்தது. அவன் ஓய்வில் இருக்கும் நாளாகப் பார்த்து ஸ்கூட்டர் பஞ்சராகும். "ஏனுங்க, தேவனூர் நாட்டுல மயிலம்மா சாமை தர்றேன்னுச்சு. அருணா சைக்கிள்ல போயி வாங்கிட்டு வந்துருங்க" என்பாள் ராஜேஸ்வரி. அது பிளஸ் ஒன்னில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். முன்னால் கூடை வைத்த லேடீஸ் மாடல். கியரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொள்வான். தெரு முனை திரும்பியதும் முகம் மலர்ந்துவிடும். பெண்டாட்டியே பயிற்சிக்கு அனுப்புகிறாள், அதுவும் அவளுக்கே தெரியாமல் என்று மிதித்துக்கொண்டே மெச்சிக்கொள்வான்.

அடுத்த ஓய்வு நாளில் அருணா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போவாள். பெல் அடிப்பதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று ராஜேஸ்வரி விரட்டுவாள். பள்ளிக்கூடம் இரண்டரைக் கிலோமீட்டர். ஓடுவான். அந்தப் பெண்ணின் ஞாபகமறதியை நினைத்து ஒரு பக்கம் கவலை, இன்னொரு பக்கம் சந்தோஷம்.

மூன்றாவது ஓய்வு நாள்தான் சனியன். அன்றைக்கு அவனை வீட்டைவிட்டு நகர விடமாட்டாள். இரண்டு கிலோ பூண்டை முன்னால் கொட்டி உரிக்கச் சொல்வாள். பயிற்சி வீணாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உரிப்பான். சாயங்கால போண்டாவும் நின்றுபோனது. எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். அதற்குப் பதிலாக இரண்டு அவித்த முட்டையை நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இருக்காது. டூட்டிப் பையில் ஒரு துண்டு இருந்த இடத்தில் இரண்டு துண்டு இருந்தது. கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்க என்றாள். மார்கழி மாதம். கொல்லிமலையில் பல் கிட்டிப்போகிற குளிர். ஈரத் துண்டோடு வருகிறவனுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

மூன்று மாதமும் அவனோடு யாரும் பேசவில்லை என்று சொன்னால் அது பொய். சாமை, டிபன், பூண்டு என்று நாள் முழுக்கப் பேச்சுதான். எப்படி இருக்கீங்க என்று ஒரு கேள்விதான் வரவில்லை. கிணற்றுக்குள் சுற்றும்போதும், ஆளில்லாத ரோட்டில் மிதிக்கும்போதும் அவன் அந்த எல்லைக் கோட்டையே நினைத்துக்கொண்டிருந்தான்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வந்தது. ராஜேஸ்வரி அடுப்படியில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய எலுமிச்சம்பழத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மகளிர் குழுவின் தலைவி. குழுவுக்கு என்று எப்போதும் எதையாவது கழுவிக்கொண்டோ அளந்துகொண்டோ இருப்பாள். எதற்கு என்று சுபாஷ் கேட்டதில்லை. கதவில் சாய்ந்து நின்றான். தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்ததை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"ராஜி, நாளைக்கு..."

"சொல்லுங்க."

அவள் பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்லி, இவள் வர முடியாது என்றால்? குழு வேலை இருக்குதுங்க என்றால்? நின்று கெஞ்சவா முடியும்? 

"நாளைக்கு டபுள் டூட்டி."

ராஜேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். 

"வேற ஒண்ணுமில்லீங்களா?"

"வேற என்ன? ஒண்ணுமில்ல."

அவள் மறுபடி குனிந்து பழத்தைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சுபாஷ் காக்கியைப் போட்டு, தோல் பையை மாட்டி, டபுள் டூட்டிக்குக் கிளம்பினான். டெப்போவில் லீவு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. காலையில் லைட்டாகச் சாப்பிட்டால்தான் நல்லது என்று ராஜேஸ்வரி சாமைக் கஞ்சியும் இரண்டு மலை வாழைப்பழமும் கொடுத்தாள். சைக்கிளை அவனே எடுத்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரைக்கும் என்று ஒரு பொய்.

ஏரிக்கரையில் கோயம்புத்தூர், பெங்களூர் என்று வெளியூர்க் கார்கள் வரிசையாக நின்றன. பேர் கொடுக்கிற இடத்தில், மெசேஜ் வந்திருக்குமே சார், தினசரிப் பயிற்சி அட்டவணைகூட அனுப்பினோமே என்றார்கள். மலையில் டவர் கிடைக்காதுங்க என்று சமாளித்தான். எழுபத்தொன்று என்று மார்பில் குத்த எண் கொடுத்தார்கள். சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம். ஒருவனுக்கு அம்மா தலை துவட்டுகிறாள், ஒருவனுக்குப் பெண்டாட்டி முதுகில் எண்ணெய் தடவுகிறாள். சுபாஷ் தன் முதுகுக்குத் தானே கை எட்டுகிற வரை தடவிக்கொண்டான்.

விசில் அடித்ததும் தண்ணீரில் விழுந்தான். ஐம்பது மீட்டர் நன்றாகத்தான் போனான். பிறகுதான் தெரிந்தது, மூன்று மாதம் வட்டக் கிணற்றில் சுற்றிய உடம்புக்கு நேராகப் போகத் தெரியவில்லை. அவன் நேரே பார்த்துத்தான் கையைப் போட்டான், கைகள் அவனைச் சுருட்டி இடது பக்கக் கரைக்கே கொண்டுபோயின. காவல் படகுக்காரர் துடுப்பால் திருப்பிவிட்டார். மறுபடியும் வட்டம், மறுபடியும் துடுப்பு. மூன்றாம் தடவை படகுக்காரர் குனிந்து பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்க போகோணும்?"

பதினாறு வருடத்தில் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

ஒருவழியாகக் கரையேறினான். எண்ணூறு மீட்டராவது நீந்தியிருப்பான். எல்லாச் சைக்கிளும் போய்விட்டிருந்தது. கூடை வைத்த சைக்கிள் மட்டும் தனியாக நின்றது. மிதித்தான். மலைக்காரனுக்கு ஏற்றம் பெரிய விஷயமில்லை. கியர் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிய மேட்டில் பத்துப் பேரைத் தாண்டினான். பஸ் நிறுத்தத்தில் நின்ற கிழவர் பழக்கத்தில் கை காட்ட, இவனும் பழக்கத்தில் பிரேக் பிடித்துவிட்டான். அதில் நாலு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டர். வளைவில் திரும்பியவனுக்கு உயிர் போய்த் திரும்பியது. தண்ணீர்ப் பந்தல். மேஜைமேல் பெரிய கேன்கள், ஒரே நிறச் சேலையில் நாலைந்து பெண்கள், நடுவில் ராஜேஸ்வரி.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திரும்பி ஓடினால் பந்தயம் போச்சு. சுபாஷ் தொப்பியைப் புருவம் வரை இழுத்தான். கழுத்தில் கிடந்த நீச்சல் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினான். ரோட்டில் நீச்சல் கண்ணாடியோடு ஓடுகிற மனிதனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

மற்றவர்களுக்கெல்லாம் பெரிய கேனிலிருந்து எலுமிச்சை ஜூஸ் பிடித்துக் கொடுத்தவள், ஒரு சின்னச் சொம்பிலிருந்து அவனுக்கு ஊற்றி நீட்டினாள். கேன் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"குடிச்சுட்டுப் போங்க சார். இன்னும் ரெண்டு கிலோமீட்டருதான்."

குடித்தான். டம்ளரை வைத்தான். ஓடினான். தப்பித்துவிட்டோம் என்று முதல் நூறு மீட்டருக்கு ஒரே குதூகலம். இருநூறாவது மீட்டரில் அது என்னவோ ஆகிவிட்டது. சார் என்றாளே. பத்தொன்பது வருடம் கூடக் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு ரப்பர் கண்ணாடி போதுமாயிருக்கிறது, தன்னை மறக்க. வீட்டில் தட்டு விட்டுப்போனது இப்போது விளங்கியது. சுபாஷ் ஓடிக்கொண்டே அழுதான். வெளித் தண்ணீர் உள்ளே வராதபடி செய்த கண்ணாடி உள்ளே இருப்பதையும் வெளியே விடவில்லை. இரண்டு கண்ணும் முழுகி, ரோடு தெரியாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினான். கையைத் தூக்க மறந்துவிட்டான்.

மொத்தம் எண்பத்தாறு பேரில் அவன் எழுபத்தொன்பது. பதக்கம் போட்டார்கள். ஒருவர் அவனைக் கொஞ்சம் நகரச் சொன்னார். அவர்கள் குடும்பப் போட்டோவில் அவன் நின்றுகொண்டிருந்தான். நகர்ந்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும்.

மணி பதினொன்று. தங்கல் இல்லாத டபுள் டூட்டி என்றாலும் முடிய ஏழாகும். காக்கியை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தக் கல்லில் போய் உட்கார்ந்தான். தோல் பைக்குள் பதக்கம். தன்னுடைய பஸ்ஸே இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனது. எங்கேண்ணா போகணும் என்று மாற்றுக் கண்டக்டர் கேட்டதற்கு, எங்கும் இல்லை என்று கையை அசைத்தான். அப்படியே எட்டு மணி நேரம்.

ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தரையில் நாலு தட்டு இருந்தது. நாலாவதற்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீரும் கிண்ணத்தில் காய்ச்சிய எண்ணெயும்.

"காலு வலிக்குமுங்க, முதல்ல ஊத்திக்குங்க" என்றாள் ராஜேஸ்வரி.

சுபாஷ் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தான். வாயைப் பிளக்க வேண்டியவர்கள் யாரும் பிளக்கவில்லை. ராஜேஸ்வரி தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மூன்று மாதத்து மெசேஜ்கள். வாழ்த்துகள் சுபாஷ், உங்கள் பதிவு உறுதியானது. இன்று சைக்கிள். இன்று ஓட்டம். இன்று முழு ஓய்வு, எங்கும் செல்ல வேண்டாம். பொரித்த பண்டம் தவிர்க்கவும். தினம் இரண்டு முட்டை. கடைசியாக, காலை பத்து ஐம்பது: உங்கள் வீரர் பந்தயத்தை முடித்துவிட்டார்.

சாமை, டிபன், பூண்டு. ஒவ்வொன்றாக அவனுக்கு விளங்கியது. ஸ்கூட்டருக்குப் பஞ்சரே ஆகவில்லை. தினமும் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டது தான்தான் என்று அருணா சொன்னாள்.

"அப்ப ரோட்டுல என்னைச் சார்னியே?"

"டபுள் டூட்டியில இருக்கற மனுசனை நான் எப்பிடிங்க ரோட்டுல பாக்க முடியும்? உங்களுக்கு ரத்தக் கொதிப்புன்னு உப்புப் போடாம தனியாச் சொம்புல வெச்சிருந்தனே, அதாச்சும் தெரிஞ்சுதா?"

"கடைசியில யாராச்சும் வந்து நின்னிருக்கலாமல்ல, ராஜி."

ராஜேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். குரலில் இப்போது கேலி இல்லை.

"நீங்களே சொல்லுவீங்கன்னு மூணு மாசம் பாத்தனுங்க. நேத்துக்கூட எலுமிச்சம்பழத்தை ரெண்டு தடவை கழுவுனேன், சொல்லட்டும்னு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா மூணு பேரும் வந்து நின்னிருப்போம். கூப்பிடாத எடத்துக்கு எப்பிடி வாரது?"

சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டான். இந்த வீட்டில் தன்னந்தனியாக இருப்பது தான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். எலுமிச்சம்பழம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமாயிருந்தது. அடுத்த வருடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், இது சத்தியம் என்றான்.

"அடுத்த வருசம் நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கைதட்டுனாப் போதுமுங்க. இன்னைக்குப் பந்தல்லயே பேரு எழுதிக்கிட்டாங்க. நான் குடுத்துட்டேன்."

"நீயா? நீச்சலு?"

"கத்துக்கறேன். வட்டமாச் சுத்தாத ஆளாப் பாத்து."

படகுக்காரர் வழியாக அந்த விஷயமும் அவள் காது வரைக்கும் வந்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சுபாஷும் சிரித்தான், இந்தத் தடவை உண்மையாகவே. சோறும் இறங்கியது. இரண்டாவது கவளத்தில் அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டே. நெஞ்சு நிமிர, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"அவசரத்துக்கு யாரு நம்பர் குடுத்த?"

ராஜேஸ்வரி அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

"டெப்போ நம்பருங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டா அவிய மட்டுந்தான் நெசம் சொல்றாங்க."